கடன் குடைக்கு ஆழம் போதாது

திரைப்பட ஆழ மதிப்பீட்டுக் கழகத்தின் அலுவலகம் வான்சாயில் ஒரு கட்டடத்தின் பதினான்காவது மாடியில் இருந்தது. அந்தக் கட்டடத்தில் பதினான்காவது மாடி கிடையாது.

ஹாங்காங்கில் இது அதிசயமில்லை. எங்கள் பேச்சில் நாலும் சாவும் ஏறக்குறைய ஒரே ஒலி. அதனால் கட்டடம் கட்டுகிறவர்கள் பதின்மூன்றுக்கு மேல் நேராகப் பதினைந்துக்குத் தாவிவிடுவார்கள். லிஃப்டிலும் பொத்தான் அப்படித்தான். ஆனால் கழகத்தின் தலைவர் டாக்டர் ரெஜினால்ட் ஷும் மூடநம்பிக்கையைப் பொறுக்காதவர். பதினைந்து என்று எழுதியிருந்த தன் கதவில் பெயின்ட் அடித்துப் பதினான்கு என்று எழுத வைத்தார். அதன் பிறகு அந்த அலுவலகத்தை யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை.

கழகத்தின் சட்டப்படி உறுப்பினர்களில் ஒருவர் 'பொதுப் பார்வையாளர்', அதாவது சாதாரண ஜனம். அவர் இல்லாமல் எடுக்கிற முடிவு செல்லாது. அரசாங்கம் தேர்ந்தெடுத்து அனுப்பிய மூன்று பேரும் லிஃப்டில் பதினான்கைத் தேடிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். வேறு வழியில்லாமல் கழகம் அந்த நாற்காலியில் ஒரு மழைக்கோட்டையும் தொப்பியையும் வைத்து, 'பொதுப் பார்வையாளர் கருத்துச் சொல்லவில்லை' என்று இரண்டு ஆண்டுகளாக எழுதிவந்தது.

யூ ஹின்-பிங் அங்கே போய்ச் சேர்ந்தது மாடி எண்ணைப் பார்த்தல்ல, தண்ணீரைப் பார்த்து. பிங் ஏ.சி. மெக்கானிக். தெருவில் போகிறவர்கள் தலையில் மேலேயிருந்து சொட்டுகிறது என்று கீழே மருந்துக்கடைக்காரர் கூப்பிட்டிருந்தார். சுவரில் வழிந்த கறையைப் பிடித்துக்கொண்டே ஏறி, கருவிப் பையோடு அந்தக் கதவைத் தட்டினார்.

திறந்தது செயலாளர் செல்வி யிப். அவர் பிங்கை மேலும் கீழும் பார்த்தார்.

"இங்க எப்படி வந்தீங்க?"

"ஒழுகுதுன்னு சொன்னாங்க."

"யாரும்மா அது?" என்று உள்ளே இருந்து டாக்டர் ஷும் கேட்டார். வெளியே வந்து பிங்கின் சட்டையில் இருந்த எண்ணெய்க் கறையை ஆசையோடு பார்த்தார். "நீங்க சினிமா பார்க்கிறதுண்டா?"

"உண்டுங்க."

"எதுக்கு?"

இந்தக் கேள்வியை பிங்கிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. "லீவு நாள்ல பாப்பேங்க" என்றார்.

"அசல்!" என்று டாக்டர் ஷும் இரண்டு கையையும் தட்டினார். "மிஸஸ் போ, வந்து பாருங்க. நாம ரெண்டு வருஷமா எழுதிட்டிருந்தது இவரைப் பத்திதான்."

கழகத்தின் இன்னோர் உறுப்பினரான திருமதி வினிஃப்ரெட் போ வந்து பார்த்தார். மழைக்கோட்டையும் தொப்பியையும் ஆணியில் மாட்டிவிட்டு பிங்கை அந்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள். சட்டப்படி உறுப்பினராக ஒரு சத்தியம் வாங்கிக்கொண்டார்கள். ஏ.சி. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அது இன்று வரை ஒழுகுகிறது.

"இன்னிக்கு என்ன படமுங்க?" என்று பிங் கேட்டார்.

"'கடன் குடை'ன்னு ஒண்ணு" என்றார் டாக்டர் ஷும், செருப்பில் ஒட்டியதைப் பற்றிச் சொல்வது போல.

பிங்குக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் 'கடன் குடை'யில் விழுந்து கால் உடைந்தவன் அவர் வீட்டில்தான் படுத்திருந்தான்.

அவன் பெயர் சுன், பிங்கின் மனைவி யுக்-லானுக்குத் தம்பி. சண்டைக் கலைஞன். பத்து வருஷமாகப் படங்களில் இருக்கிறான். ஆனால் அவனைப் பார்த்ததாக யாரும் சொல்ல முடியாது. கதாநாயகனுக்குப் பதிலாகக் குதிப்பான், முதுகு தெரியும். வில்லனுக்குப் பதிலாக உருளுவான், பிடரி தெரியும். ஷாம் சூய் போவில் அவர்கள் இருக்கும் சின்ன வீட்டில் டி.வி.யில் பழைய படம் ஓடும்போது அவன் அம்மா, "இது உன் முதுகாடா?" என்று கேட்பார். "இல்லம்மா, இது என்கூடக் குதிக்கிற சிங்கோட முதுகு" என்பான்.

'கடன் குடை'யில்தான் முதல் தடவையாக அவனுக்கு முகம் கிடைத்தது. நாலாவது மாடி அடியாள் அவன். ஜன்னல் வழியாக விழுந்து சாக வேண்டும், கேமரா வெட்டாமல் கூடவே விழும், கடைசியில் முகத்தில் நிற்கும். இதைக் கேட்ட நாளில் அவன் அம்மா, "விழுறதுதான் விழுற, அஞ்சாவது மாடிலேர்ந்து விழக் கூடாதா?" என்று கோபித்துக்கொண்டார்.

விழுந்தான். கால் உடைந்தது. அதோடுதான் அந்தக் காட்சியை முடித்தான். படத்தில் பிணமாக நடிக்கிறவனுக்குத் தோஷம் கழியச் சிவப்பு உறையில் பணம் வைத்துக் கொடுப்பது எங்கள் ஊர் வழக்கம். அந்தப் பணத்தைக் கையில் வைத்திருக்கக் கூடாது, செலவழித்துவிட வேண்டும். சுன் ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்தே அக்காவை அனுப்பி அம்மாவுக்கு ஒரு நீல ஜாக்கெட் வாங்கினான். "படம் பாக்கப் போறப்ப போட்டுக்கம்மா" என்றான். அம்மா அதை அட்டைப் பெட்டியை விட்டு எடுக்கவே இல்லை, படம் வரட்டும் என்று.

"ஐயா, என் மச்சினன் இந்தப் படத்துல..." என்று பிங் ஆரம்பித்தார்.

"குடும்ப விஷயமெல்லாம் டீ இடைவேளையில" என்றார் டாக்டர் ஷும். விளக்கு அணைந்தது.

கழகத்தின் நடைமுறைகளை இங்கே சொல்லிவிட வேண்டும். படத்தின் ஆழத்தை அடிக்கணக்கில் அளப்பார்கள். பன்னிரண்டடிக்குக் குறைந்த படத்துக்குச் சான்றிதழ் இல்லை; சான்றிதழ் இல்லாத படத்துக்குத் தியேட்டர் இல்லை. சென்ற மாதம் ஒருவன் ஓர் ஏரியைப் பார்த்துக்கொண்டே இருக்கும் படம் வந்து நாற்பதடி தேறியது. அதில் கழகத்தின் முதிய உறுப்பினர் ஒருவர் தூங்கிப்போனார். இன்னும் முழுதாக எழவில்லை. படம் ஓடும்போது யாராவது மகிழ்ந்தால் செல்வி யிப் மேசை மணியை ஒரு தட்டுத் தட்டுவார். படம் முடிந்ததும் மிச்சமிருக்கும் மகிழ்ச்சி வடிவதற்காக எல்லோரும் இருபத்துநாலு மூலிகைக் கசப்பு டீயைக் குடித்துவிட்டு மௌனமாக உட்கார்ந்திருக்க வேண்டும்.

'கடன் குடை' ஓடியது.

கதை இவ்வளவுதான். மழை. வெள்ளை சூட் போட்ட ஒருவன் கீழ்வீட்டு விதவையிடம் குடை கடன் வாங்குகிறான். ஆறு மணிக்கு நான் வேலைக்குப் போக வேண்டும் என்கிறாள் அவள். ஆறுக்குள் தந்துவிடுகிறேன் என்கிறான் இவன். டீக்கடை வாசலில் வைத்த குடையை ஒரு ரவுடித் தலைவன் தன்னுடையது என்று நினைத்து எடுத்துப் போய்விடுகிறான். இவன் பின்னாலேயே போய்ப் பணிவாகக் கேட்கிறான். சிரிக்கிறார்கள். குடை மொட்டை மாடியில் இருக்கிறது, இவன் வாசலில் நிற்கிறான். கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டு படி ஏறுகிறான்.

பிங் நாற்காலி விளிம்புக்கு வந்துவிட்டார். இவன் எங்கே நிற்கிறான், குடை எங்கே இருக்கிறது, நடுவில் எத்தனை கதவு என்று ஒவ்வொரு நொடியும் அவருக்குத் தெரிந்தது. அடிபட்டவனுக்கு வலித்தது. ஒரு மாடியில் முட்டியில் அடி வாங்கினால் அடுத்த மாடியில் நொண்டினான். மூச்சு வாங்கும்போது கைக்குட்டையால் ஷூவைத் துடைத்துக்கொண்டான். யாரும் யாருக்கும் எதையும் விளக்கவில்லை. படிக்கட்டில் பச்சை விளக்கு, வெளியே சிவப்பு விளம்பரப் பலகை, நடுவில் அந்த வெள்ளை சூட் மாடிக்கு மாடி அழுக்காகிக்கொண்டே போனது. திருமதி போ டீக் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனவர் கொண்டுபோன இடத்திலேயே வைத்திருந்தார்.

நாலாவது மாடிக் கதவு திறந்தது. சுன். அவன் முகமேதான், காதோரம் சின்ன வயதில் விழுந்த தழும்போடு. இரண்டு அடி கொடுத்தான், மூன்று வாங்கினான், ஜன்னல் கண்ணாடியோடு வெளியே போனான். கேமராவும் கூடவே போனது. துணிப்பந்தல் கிழிந்தது, விளம்பரப் பலகையில் இடித்துப் பொறி பறந்தது, பழவண்டி இரண்டாகப் பிளந்தது. ஆரஞ்சுகள் நாலா பக்கமும் உருண்டன. நடுவில் சுன் மல்லாந்து கிடந்தான். மழை திறந்த கண்ணுக்குள் விழுந்தது, இமை அசையவில்லை.

பிங் இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தார். அடித்த பிறகுதான் தான் அடித்தது அவருக்குத் தெரிந்தது.

மணி அடித்தது. ஆனால் செல்வி யிப் மணியைத் தட்டவில்லை. அவர் வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தார். டாக்டர் ஷும் எழுந்த வேகத்தில் அவர் முழங்கை பட்டு மணி கீழே விழுந்திருந்தது.

"கால்ல பிடிப்பு" என்று சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்தார்.

படத்தில் ஆறு அடிக்க ஒரு நிமிஷம் இருக்கும்போது அவன் குடையைக் கொண்டுபோய்க் கொடுத்தான். அவள் வெளியே எட்டிப் பார்த்து, "மழ விட்டுருச்சே" என்றாள். படம் முடிந்தது. அறையில் ஒரு பெருமூச்சு கேட்டது. யாருடையது என்று யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. கசப்பு டீ வந்தது. எல்லோரும் குடித்து முகத்தைச் சுளித்துக்கொண்டு தெளிந்தார்கள்.

"ஆறடி" என்று செல்வி யிப் அறிவித்தார்.

விசாரணைக்கு டைரக்டர் சோய் உள்ளே அழைக்கப்பட்டார். கண்ணில் தூக்கமில்லாத, ஒல்லியான மனிதர்.

"மிஸ்டர் சோய், அந்தக் குடை எதைக் குறிக்குது?" என்று டாக்டர் ஷும் கேட்டார்.

"மழை பெய்யுது, சார்."

"மழை எதைக் குறிக்குது?"

"நனைஞ்சிரும்."

"அந்த வெள்ளை சூட்?"

"அழுக்காச்சுன்னா பளிச்சுன்னு தெரியும்."

திருமதி போவுக்கு மனம் இளகியது. "பாருங்க மிஸ்டர் சோய், நாங்க உங்களுக்கு உதவி பண்ணத்தான் பாக்குறோம். அவனோட தனிமை, அவனோட அப்பா, ஏதாவது ஒண்ணு இருக்குமில்ல? ஒரு சின்ன அப்பா?"

"அவனுக்குக் குடையத் திருப்பிக் குடுக்கணும் மேடம். அதுக்கே நேரம் பத்தல."

அவரை வெளியே அனுப்பிவிட்டு டாக்டர் ஷும் பிங்கின் பக்கம் திரும்பினார். "இப்ப நம்ம பொதுப் பார்வையாளர். சொல்லுங்க மிஸ்டர் யூ. எப்படி இருந்துச்சு?"

பிங் யோசிக்கவில்லை. "குவோ யான்!" என்றார்.

எங்கள் ஊரில் நல்ல சண்டைப் படம் பார்த்துவிட்டு வருகிறவன் சொல்கிற சொல் இதுதான். தினவெடுத்த இடத்தில் நன்றாகச் சொறிந்துகொண்டால் வருமே, அந்த நிம்மதிக்குப் பெயர். குவோ என்றால் தீர்வது. யான் என்றால் தினவு, ஏக்கம், பழக்கத்தின் அரிப்பு. டாக்டர் ஷும் கரும்பலகைக்குப் போய் அந்த 'யான்' எழுத்தை எழுதினார். அதைச் சுற்றி வளைத்து நிற்கும் கோட்டைப் பிரம்பால் தட்டினார்.

"இது என்ன கோடு?"

பிங் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்தது போல விழித்தார். "நோய்க் கோடுங்க."

"நோய். காய்ச்சல், சொறி, பைத்தியம் எல்லாத்துக்கும் மேல இதே கோடுதான். நம்ம முன்னோர்கள் சும்மா எழுதல. குவோ யான்னு சொல்றவன் தன்னை நோயாளின்னு ஒத்துக்கிறான்."

"ஆனா குவோன்னா தீர்றதாச்சே, டாக்டர்" என்றார் திருமதி போ. "நோய் தீர்ந்துச்சுன்னுதானே அர்த்தம்?"

டாக்டர் ஷும் பிரம்பை மேசையில் வைத்தார். "அப்படின்னா இந்தப் படம் மருந்து. மருந்துன்னா சுகாதார இலாகா லைசென்ஸ் வேணும். இருக்கா? இல்ல. இது இன்னும் மோசம்."

திருமதி போ தலையசைத்து ஏற்றுக்கொண்டார். தூங்கிக்கொண்டிருந்த முதியவர், "ஏரி" என்றார்.

டாக்டர் ஷும் மேசையில் சாய்ந்துகொண்டு குரலைத் தணித்தார். அவருடைய சிறந்த உரைகளெல்லாம் அப்படித்தான் வரும்.

"மிஸ்டர் யூ, நான் இந்தப் படத்தை இதோட நாலு தடவை பார்த்துட்டேன். ஆழம் இல்லைன்னு உறுதி பண்ணிக்க. ஒவ்வொரு தடவையும் நிச்சயமா இல்ல. ரெண்டாவது தடவை என் பொண்ணையும் இங்கயே கூட்டிட்டு வந்தேன், அவளுக்கும் இல்லைன்னு காட்ட. ஜனங்களுக்கு எது பிடிக்கும்னு ஜனங்களுக்கே தெரிஞ்சுட்டா அப்புறம் இந்தக் கழகம் எதுக்கு? இந்த அறைக்கு வாடகை எதுக்கு? அதனாலதான் சொல்றேன், எச்சரிக்கையா யோசிச்சுச் சொல்லுங்க. உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச இடம் எது?"

பிங்குக்கு இது நல்ல கேள்வியாகப் பட்டது. தன் மச்சினனுக்கு இதைவிட நல்லது செய்ய முடியாது என்று நினைத்தார். "நாலாவது மாடிலேர்ந்து ஒருத்தன் விழுறான் பாருங்க, அந்த இடம்" என்றார்.

செல்வி யிப் பேனாவைத் திறந்தார். கழகத்தின் ஒன்பதாவது விதியை டாக்டர் ஷும் வாசித்தார்: "பொதுப் பார்வையாளருக்கு மிக அதிக மகிழ்ச்சி தரும் இடமே படத்தின் மிகக் குறைந்த ஆழமுள்ள இடம். தோண்டுவதை அங்கிருந்து தொடங்குக."

"எதத் தோண்டறது?"

"எடுத்துடறது."

"ஐயய்யோ, அது வேண்டாங்க. அதுல விழுறது என் மச்சினன். சுன்னு பேரு. மூணு மாசமா கட்டுப் போட்டுக்கிட்டுப் படுத்திருக்கான்."

திருமதி போ கண்ணாடியைக் கழற்றினார். அவர் இரக்கமுள்ள பெண்மணி; ஆபத்து அதுதான்.

"நிஜமாவே கால் உடைஞ்சுச்சா?"

"ஆமாங்க."

"அது உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சும் அந்த இடத்துல விசிலடிச்சீங்க."

பிங் ஆணியில் தொங்கிய மழைக்கோட்டைப் பார்த்தார்.

"உங்க மனைவியோட தம்பி. கீழ விழுந்து துடிக்கிறான். நீங்க ரெண்டு விரலை வாயில வச்சு..." என்று திருமதி போ முடிக்காமல் விட்டார். அவர் கண்ணில் நிஜமாகவே நீர் கோத்திருந்தது.

பிங் தன் இரண்டு விரலையும் பார்த்தார். ஈரம் கூட இன்னும் காயாதது போல இருந்தது. அந்த இடத்தில் தனக்குச் சுன்னின் கால் நினைவுக்கு வரவே இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஆரஞ்சுகள்தான் நினைவிருந்தன. தன்னைப் போல ஒரு கல்நெஞ்சக்காரன் இந்த ஹாங்காங்கில் இருக்க மாட்டான் என்று தோன்றியது. எங்கேயாவது ஒரு ஏ.சி.க்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ள வேண்டும் போல இருந்தது.

"எந்தக் காட்சியையும் எடுக்கணும்னா எல்லாக் கையும் தூக்கணும்" என்றார் டாக்டர் ஷும். "ஒரு கை தூக்கலைன்னாலும் காட்சி நிக்கும். நாங்க ஜனநாயகவாதிகள். வற்புறுத்தல் கிடையாது. அந்த விழுகை கதைக்கு அவசியமில்லைன்னு நினைக்கிறவங்க கை தூக்கலாம்."

டாக்டர் ஷும் தூக்கினார். திருமதி போ தூக்கினார். முதியவரின் கையைச் செல்வி யிப் மணிக்கட்டில் பிடித்துத் தூக்கினார். விழித்திருந்த மூன்று பேரும் பிங்கைப் பார்த்தார்கள், திட்டாமல், ஒரு நோயாளி எழுந்து நடக்கிறானா என்று பார்ப்பது போல.

பிங்கின் கை மெல்ல மேலே போனது.

"பன்னிரண்டரை அடி" என்றார் செல்வி யிப்.

வீட்டுக்குப் போகும் வழியில் பிங் வறுத்த பன்றிக்கறிச் சோறு வாங்கினார், தோல் மொறுமொறுப்பாக இருக்கும் பக்கமாகக் கேட்டு. சுன் கட்டுக் காலைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு சாப்பிட்டான்.

"என்ன மாமா, விசேஷம்?"

"ஒண்ணுமில்ல. சாப்பிடு."

"படம் பாத்தியாமே, அக்கா சொன்னா! என் இடம் எப்படி வந்திருக்கு? கண்ணு இமைக்கலையே? மழைக்குக் குழாய் பிடிச்சவன் தண்ணிய நேரா கண்ணுலயே ஊத்துனான் மாமா, நான் அசையலையே!"

"அசையல" என்றார் பிங். "வெளிய சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிருக்காங்க."

"அடேங்கப்பா, பெரிய மனுஷன்!" என்று சுன் சிரித்தான்.

மறுநாளும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் பிங் வந்தார். கையில் வறுத்த வாத்து இருந்தது. அதற்கு அடுத்த நாள் நண்டு. யுக்-லான் அவரைச் சமையலறையில் மடக்கி, "எவளையாவது சேத்துக்கிட்டியா?" என்று கேட்டாள். "சீ சீ" என்றார். அவளுக்கு நம்பிக்கையில்லை, வாத்து அப்படிப்பட்ட வாத்து. சுன்னின் கன்னம் உப்பியது. அவன் அம்மா நீல ஜாக்கெட்டை எடுத்து இஸ்திரி போட்டு மறுபடி பெட்டியில் வைத்தார். வெள்ளிக்கிழமை மதியக் காட்சிக்குச் சுன் தன் நண்பர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள், தனக்குக் கட்டுப் போட்டுவிட்ட நர்ஸ் என்று ஒரு வரிசை முழுக்கப் பிடித்துவைத்தான்.

தியேட்டரில் சுட்ட கணவாய் வாசனை. நீல ஜாக்கெட்டில் அம்மா நடுவில் உட்கார்ந்திருந்தார். விளக்கு அணைந்தது. படத்துக்கு முன்னால் ஓர் அட்டை வந்தது:

'இந்தப் படம் பொதுமக்களின் வேண்டுகோளுக்கு இணங்க ஆழப்படுத்தப்பட்டுள்ளது. பொதுமக்கள்: திரு. யூ ஹின்-பிங்.'

ஒரு வரிசை முழுக்கக் கைதட்டியது. "மாமா! உன் பேருதான் முதல்ல!" என்று சுன் பிங்கின் முதுகில் ஓங்கி அடித்தான். யுக்-லான் புருஷனைப் புது மரியாதையோடு பார்த்தாள். வாத்துக்குக் காரணம் இதுதான் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. பிங் இருட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

படம் ஏறியது, மாடி மாடியாக. ஜனம் கத்தியது. நாலாவது மாடிக் கதவு திறந்தது. சுன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு முதுகு தெரிந்தது. அதன் மேல் யாரோ வேறு ஆளின் குரல், "நான் செய்தது தவறு என்று உணர்கிறேன்" என்றது. முதுகு திரும்பாமல் மறு கதவு வழியாக வெளியேறியது. வெள்ளை சூட்காரன் உடையாத ஜன்னலருகே போய் நின்று மழையைப் பார்த்தான். "மனிதன் ஏன் நனைகிறான்?" என்று அவன் மனக்குரல் கேட்டது. அவன் அப்பாவைப் பற்றியும் கொஞ்சம் சொன்னது. பார்த்துக்கொண்டே இருந்தான்.

எங்கள் ஊர் ஜனம் தியேட்டரில் பொறுமைக்குப் பேர் போனதல்ல.

"டேய், குடை என்னடா ஆச்சு?"

"மணி அஞ்சரை ஆயிருச்சுடா, ஏறுடா!"

"ஆழப்படுத்தினானாமே, யாருடா அந்த யூ ஹின்-பிங்? அவனத் தூக்கி ஜன்னல் வழியா போடுங்கடா!"

தியேட்டரே சிரித்தது. அப்போது ஊன்றுகோல் தரையில் இடிக்கும் சத்தம் கேட்டது. சுன் எழுந்து நின்றுகொண்டிருந்தான்.

"எவன்டா அவன்? அது என் அக்கா புருஷன்டா! ஏ.சி. மெக்கானிக்! அவரு ஒண்ணும் சொல்லிருக்க மாட்டாரு, வாய மூடுங்கடா!"

ஓர் ஆரஞ்சுத் தோல் பறந்து வந்து அவன் காலில் இருந்த கட்டின் மேல் விழுந்தது. அவன் உட்கார்ந்தான். வெள்ளை சூட்காரன் இன்னும் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

படம் முடிந்து தியேட்டர் வாசல் படியில் எல்லோரும் நின்றார்கள். நர்ஸும் பக்கத்து வீட்டுக்காரர்களும் ஏதோ வேலை இருப்பதாகச் சொல்லிக் கலைந்தார்கள். நண்பர்கள் சுன்னின் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். சுன் பிங்கைப் பார்த்தான். அவர் முகத்தைப் பார்த்ததுமே அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் அவன் ஒன்றும் கேட்கவில்லை. பிங்குக்கு அதுதான் தாங்க முடியவில்லை. நாலு அடி அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பார்.

முதலில் பேசியது அவன் அம்மா. கிழவி இவ்வளவு நேரமும் எதையோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப படத்துல நீ சாகலையாடா?"

"இல்லம்மா. கதவு வழியா போயிட்டேன்."

"அப்ப அந்தச் சிவப்பு உறைய எப்படி வாங்கலாம்? சாகாதவன் வாங்கினா தோஷமில்ல?"

கேட்டுக்கொண்டே அவர் நீல ஜாக்கெட்டின் முதல் பொத்தானைக் கழற்றினார். இரண்டாவதையும் கழற்றினார். "நாளைக்கே கொண்டுபோய்க் குடுத்துரு. நமக்கு எதுக்கு."

"போட்டுக்குங்க அத்தை" என்றார் பிங். "அவன் செத்தான். நான் பாத்தேன்."

கிழவியின் கை பொத்தானில் நின்றது. "எங்க பாத்த?"

"முதல்ல இருந்துச்சு. நான் பாத்தேன். கண்ணாடியோட வெளிய போனான். துணிப்பந்தல் கிழிஞ்சுது. பலகைல இடிச்சு நெருப்பு பறந்துச்சு. பழவண்டி ரெண்டா போச்சு, ஆரஞ்செல்லாம் ரோட்டுல. இவன் நடுவுல மல்லாக்கக் கெடந்தான். கண்ணுல மழ விழுது, இமை அசையல அத்தை. இவன் முகம்தான். காதோரத் தழும்பு கூடத் தெரிஞ்சுது."

கிழவி மகனின் தழும்பைப் பார்த்தார். பிறகு மெதுவாகப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டார்.

சுன் ஊன்றுகோலில் சாய்ந்தபடி பிங்கின் பக்கத்தில் வந்து நின்றான். "எப்படி இருந்துச்சு, மாமா?"

"குவோ யான்" என்றார் பிங். "விசிலடிச்சேன்."

சுன்னின் முகம் ஒரு கணம் மலர்ந்தது. தியேட்டர் விளம்பரத்தில் வெள்ளை சூட்காரன் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அத அங்கயே சொல்லிருக்கலாமே."

"சொன்னேன்டா."

"சொன்னியா? அப்புறம்?"

பிங் தன் வலது கையைப் பார்த்தார்.

"அப்புறம் கையத் தூக்கிட்டேன்."